உறைமேல் முகவரி

பொன்மாலை சில்க்ஸில் யாரையாவது உட்காரச் சொன்னால், அவர்கள் வேலை போகப்போகிறது என்று அர்த்தம். உஸ்மான் சாலையில் ஐந்து மாடிக்கு எழும்பி நிற்கிற அந்த ஜவுளிக்கடையில் ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னாலும் சட்டப்படி ஒரு ஸ்டூல் உண்டு. ஸ்டூலின் மேல் எப்போதும் ஒரு புடவைக் கட்டு உட்கார்ந்திருக்கும். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பிக்கிற பெண்களுக்குச் சாப்பாட்டுப் பந்தியில்தான் இடுப்பு மடங்கும். ஆகவே ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஆட்களை வைப்பதும் அனுப்புவதுமான வேலையைப் பார்க்கும் ராம்குமார், தன் கண்ணாடி அறைக்குள் செண்பகத்தையும் அன்புக்கரசியையும் சேர்ந்தாற்போல் கூப்பிட்டு, "உக்காருங்கம்மா" என்றபோது இரண்டு பேருக்கும் முழங்கால் மடங்க மறுத்தது.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

இருவரும் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்சு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரே வேனில் ஏறி வந்து, நான்காவது மாடிப் பட்டுப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கவுன்டரில் நிறுத்தப்பட்டவர்கள். வேலைக்குச் சேரும்போது அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வது கடையின் வழக்கம். ராம்குமார் அறையிலுள்ள இரும்பு பீரோவில் முந்நூறு பெண்களின் படிப்பு அகர வரிசையில் அடுக்கியிருக்கும். நல்லபடியாக விலகுகிறவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். எது நல்லபடி என்பதை ராம்குமார் முடிவு செய்வார்.

மூன்று வருடம் நின்றது போதும் என்று அன்புக்கரசி சித்திரையிலேயே தீர்மானித்துவிட்டாள். திருநெல்வேலியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு விண்ணப்பம் போட்டு இடமும் வாங்கிவிட்டாள். ஜூலை பதினைந்தாம் தேதிக்குள் அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும் என்று கல்லூரிக் கடிதத்தில் போட்டிருந்தது. அதை அவள் எட்டாக மடித்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்னால் செருகி வைத்திருந்தாள். ராம்குமாரிடம் போய் மதிப்பெண் பட்டியலைக் கேட்டும் விட்டாள். "பார்க்கலாம்மா" என்று சொல்லியிருந்தார்.

வைகாசி முகூர்த்த நெரிசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காவது மாடியில் ஏசி ஒயர் ஒன்று புகைந்தது. தீ என்று சொல்ல முடியாது. ஆனால் புகையைக் கண்ட கூட்டம் அளவெடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்காது. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவசரகாலப் படிக்கட்டுக் கதவுக்கு ஓடினார்கள். கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. கதவுக்கு முன்னால் மார்பு உயரத்துக்கு ஜவுளி மூட்டை. துப்புரவு வேலை பார்க்கிற ஜைதூன் பீ தன் துடைப்பக்கட்டையால் பூட்டை அடி அடியென்று அடித்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. அந்தத் தள்ளுமுள்ளில் ரவிக்கைப் பிரிவு சிம்ரா கீழே விழுந்து, அவள் மணிக்கட்டின் மேல் நாலைந்து பேர் ஏறி ஓடினார்கள். புகை தானாக அடங்கியது. சிம்ரா படியில் வழுக்கி விழுந்ததாகப் பதிவேட்டில் எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒடிந்த கையால் புடவை மடிக்க முடியாதல்லவா.

"பூட்டு எதுக்கு சார்?" என்று செண்பகம் மாடி சூப்பர்வைசர் விக்கியிடம் கேட்டாள்.

"பூட்டு போட்லன்னா பாதி ஸ்டாக்கு படி வழியா கீய பூடும். மீதி நேரம் நீங்க அங்க குந்திக்கினு போன் பேசுவீங்க. இன்னா, தெரியாதா எனக்கு?" என்றான் விக்கி.

சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மாதமாக ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் முதல் போட வந்த வெளியூர்க்காரர்கள் விதித்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்றாம். நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத தனி ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைகேட்பவர், ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். கடையில் தவறு நடந்தால் ஊழியர்கள் அவருக்கு நேராக எழுதலாம். அசல் கடிதம் அவரிடமே இருக்கும், நிர்வாகத்துக்குத் தட்டச்சு நகல் மட்டுமே போகும். புகார்தாரரின் பெயர் எக்காரணம் கொண்டும் வெளிவராது. அவருக்கு எந்தப் பாதகமும் நேராது. கீழே ஓய்வுபெற்ற நீதிபதி ஆராவமுதன், மயிலாப்பூர் என்று முகவரி.

பலகை மாட்டிய அன்று விக்கி கை கழுவப் போகிற வழியில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஆம்புலன்ஸ்மேனா? யாருக்கு நைனா உடம்பு சரியில்ல?" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள். ஆனால் முகவரியை மனப்பாடம் செய்துகொண்டாள்.

சிம்ராவின் கை ஒடிந்த மறு வாரம், தன் ஓய்வு நாளில், தபால் நிலையத்துச் சாய்வு மேஜையில் நின்றபடியே அவள் கடிதம் எழுதினாள். எதையெல்லாம் விட வேண்டும் என்று முதலில் தீர்மானித்தாள். பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த வருடம் வேண்டாம். சிம்ராவோடு பேசிப் பழகியவள் என்று தெரிய வேண்டாம். அனுப்புநர், ஓர் ஊழியர். பெறுநர், நீதிபதி. பிறகு ஐயா, பொருள், பூட்டு எப்போது போடுகிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், மூட்டை எத்தனை, ஆபத்து வந்தால் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. அதோடு முடிந்தது.

முடிந்த பிறகு, அஞ்சலட்டை ஒன்றின் விளிம்பை ஸ்கேலாக வைத்துத் தாளின் அடியில் ஒரு கட்டம் போட்டாள். அதற்குள் உறைமேல் முகவரி என்று தலைப்பிட்டு நீதிபதியின் முகவரியை மறுபடி எழுதினாள். பரீட்சைத் தாளுக்கு உறை கிடையாது என்பதால் தாளிலேயே கட்டம் போட்டு முகவரி எழுதச் சொல்வார்கள். கட்டம் இல்லாவிட்டால் அவர்கள் பள்ளித் தமிழம்மா இரண்டு மதிப்பெண்ணைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் படிப்பார். உண்மையான உறை கையில் இருக்கும்போது கட்டம் எதற்கு என்று செண்பகத்துக்குத் தோன்றவே இல்லை. விடுப்புக் கடிதத்துக்கும் அவள் அப்படித்தான் போடுவாள். அன்புக்கரசியும் அப்படித்தான்.

இந்தக் கடிதத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, அன்புக்கரசியிடம் கூட.

ஆம்புட்ஸ்மேன் சும்மா இருக்கவில்லை. ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவரே வந்தார். ஏழு நாள் என்பது விதி. ஆறாம் நாள் பூட்டு கழன்றது, மூட்டைகள் பெண்கள் தங்கியிருக்கிற ஹாஸ்டல் மாடிக்குப் போயின, படிக்கட்டு ஓரத்தில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து உட்கார்ந்தன. எழுபத்து நாலு வயது மனிதர் லிஃப்டு வேண்டாம் என்று அவசரப் படிக்கட்டு வழியாகவே நான்கு மாடியும் ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, கதவின் தாழ்ப்பாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த ஐந்து நிமிடமும் செண்பகம் ஒரு அரக்கு நிறப் புடவையை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனார். மறுநாள் பூட்டு வந்தது.

ஆனால் பத்து நாள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. நான் வந்த அன்று பூட்டு இல்லை. ஆயினும் தாழ்ப்பாளில் பூட்டு உராய்ந்த தடம் புதிதாக இருக்கிறது. ஆகவே நான்காம் மாடி ஊழியர்களை ஒவ்வொருவராக என் இல்லத்தில் விசாரிக்க விரும்புகிறேன். ராம்குமாருக்கு அது செவ்வாய்க்கிழமை கிடைத்தது. புதன்கிழமை, உக்காருங்கம்மா.

அவருடைய மேஜை மேல் மூன்று தாள்கள் இருந்தன. வாசலில் விக்கி சாய்ந்து நின்றான்.

"இது ஜட்ஜ் ஐயா அனுப்பின காப்பி" என்று ராம்குமார் முதல் தாளைத் தட்டினார். அவர் குரல் எப்போதும் மிருதுவாகத்தான் இருக்கும். "டைப் அடிச்சது. யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது, ரூல் அப்படி. ஆனா கடைசியில இந்தக் கட்டம் என்னம்மா?"

இருவரும் பார்த்தார்கள். தட்டச்சின் அடியில், பேனாவால் ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட கட்டம். உள்ளே உறைமேல் முகவரி.

"எங்கயோ பாத்திருக்கோமேன்னு மூணு வருஷ லீவு லெட்டரை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். முந்நூறு பேர்ல ரெண்டே பேர். அக்கா கல்யாணத்துக்கு லீவு, கட்டம். அம்மை போட்டிருக்கு லீவு, கட்டம்." மற்ற இரண்டு தாள்களையும் அவர் பக்கத்தில் வைத்தார்.

"உனக்குக் கட்டம் சரியில்லன்னு எங்கம்மா ஜோசியர்கிட்டருந்து வந்து சொல்லிச்சு சார்" என்றான் விக்கி. "அது இவளுங்களுக்குச் சொன்னது போலக்கீது."

அன்புக்கரசி தட்டச்சுத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். படித்துவிட்டு ஒரே ஒரு தடவை செண்பகத்தைப் பார்த்தாள்.

"நான் எழுதல சார்."

"அப்ப இவளா?"

அன்புக்கரசி தாளை மேஜைமேல் திருப்பி வைத்தாள். "எங்க ஸ்கூல்ல எல்லாருமே இப்படித்தான் சார் எழுதுவோம். போடலன்னா ரெண்டு மார்க்க குறைச்சிருவாவ" என்றாள்.

"எல்லாரும் இங்க வேலை பாக்கலியேம்மா. ரெண்டு பேர்தான் பாக்கறீங்க." ராம்குமார் நாற்காலியில் சாய்ந்தார். "பயப்படாதீங்க. எனக்கு ரெண்டு பேரும் வேண்டாம். ஒருத்தி போதும். மார்க் ஷீட் வேணும்னு என்கிட்ட வந்து நின்னது யாரு? வெளிய போறவதானே கல்லெறிஞ்சிட்டுப் போவா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்."

"இருக்கட்டும். ஜட்ஜ் ஐயாவுக்கு ஒரு லெட்டர் குடு. புகாரை நானா திரும்ப வாங்கிக்கறேன்னு. கையெழுத்துப் போட்டுட்டு நல்லபடியா கெளம்பு. மார்க் ஷீட் உன்னோடது. இல்லேன்னா இங்கேயே இரு, நானும் இருக்கேன், ஆடித் தள்ளுபடி வரைக்கும் பேசிட்டிருப்போம்."

ஆடித் தள்ளுபடி வருவதற்குள் பதினைந்தாம் தேதி போய்விடும் என்று அன்புக்கரசி கணக்குப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். விரல் நடுங்கி, தேதி போட்ட இடத்திலேயே மை இழுத்துக்கொண்டது.

"நீ எழுதும்மா செண்பகம். தோழிக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்று ராம்குமார் புதுத் தாளை இவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த இடத்தில் செண்பகம் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் சார் எழுதினேன், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல ஐந்து விநாடி கூட ஆகாது. அவள் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னால் இரண்டு பேர் மதிப்பெண் பட்டியலும் போய்விடும், சொல்லாவிட்டால் ஒன்றாவது தப்பிக்கும் என்று அவளுக்குள் ஒரு குரல் மளமளவென்று நியாயம் பேசியது. அன்புவுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, எனக்கு இந்தக் கவுன்டரை விட்டால் எதுவும் இல்லை என்றும் அது சொன்னது. அந்தக் குரலுக்கு நல்ல கையெழுத்தும் இருந்தது. அனுப்புநர், அ. அன்புக்கரசி. பெறுநர். ஐயா. பொருள்: புகாரைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. அவள் எழுதி முடித்து, மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து, அடியில் கட்டம் போட்டாள்.

ராம்குமார் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா விக்கி! கை தானா போடுதுடா."

அன்புக்கரசி கையெழுத்திட்டாள். ராம்குமார் பீரோவைத் திறந்து அவளுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "உயிரியல்ல தொண்ணூத்தொண்ணு. நல்ல பொண்ணு." திரும்பவும் உள்ளே வைத்து பீரோவைப் பூட்டினார். "கேஸை மூடிட்டேன்னு ஜட்ஜ் ஐயாகிட்டேருந்து லெட்டர் வரட்டும். வந்த உடனே உன் கையில குடுத்துடறேன்."

மூன்று மணிக்குள் மாம்பலம் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. விக்கி கூடவே வந்து அவளுடைய பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்துக் கொட்டினான். "ஸ்டாக்கு எதுனா கீதான்னு பாக்கணும்ல தங்கச்சி. தப்பா நெனச்சுக்காத." உள்ளாடைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்றதும் ஒரு தலைவாரும் சீப்பை எடுத்துத் தன் தலையை வாரிவிட்டு அதையும் பைக்குள் போட்டான்.

செண்பகம் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்தாள். ரங்கநாதன் தெருக் கூட்டம் இருவரையும் இடித்துக்கொண்டு போனது. நடைமேடையில் வந்துதான் அன்புக்கரசி பேசினாள்.

"எனக்கு அங்க வச்சே தெரிஞ்சிட்டு. தேதி, நேரம், மூட்டை எத்தனன்னு வரிசையா. உன்னத் தவிர யாரு அப்படி எழுதுவா?"

"அன்பு, நான் சொல்லணும்னுதான்…"

"அழாத. நீ அழுதா எனக்கு ஆத்திரந்தான் வருது. சொல்லணும்னு நெனச்சவ அங்க சொல்லிருக்கணும். நான் உன்னக் காட்டிக் குடுக்கல. நீ என்னக் காட்டிக் குடுத்துட்ட, வாயே தொறக்காம." கம்பார்ட்மென்டில் ஏறிய பிறகு திரும்பினாள். "பதினஞ்சாந் தேதிக்குள்ள என் மார்க் ஷீட்டு என் கையில வரணும். அத மட்டும் செய்யி. செய்யலன்னா, நீ ஊருக்கு வந்தாலும் எங்க தெருப் பக்கம் வந்துராத."

ஒரு வாரம் போயிற்று. ஜட்ஜ் ஐயா லெட்டர் இன்னும் வரலியேம்மா என்றார் ராம்குமார். அடுத்த ஓய்வு நாளில் செண்பகம் மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினாள். தெப்பக்குளத்தைத் தாண்டி இரண்டு சந்து தள்ளி, வாசலில் மாக்கோலம் போட்ட மாடிவீடு. நீதிபதியே வந்து கதவைத் திறந்தார். பனியன், வேட்டி, மூக்குக் கண்ணாடி. அவர் முகத்தில் கடுமை ஏதும் இல்லை.

"உக்காருங்கோ" என்றார். அவள் நின்றாள். "உக்காருங்கோம்மா, தப்பில்லே" என்றார் மறுபடி. உட்கார்ந்தாள்.

"ஐயா, பொன்மாலை சில்க்ஸுல பூட்டு வெசயமா ஒரு லெட்டரு வந்துச்சுல்லா, அது நான்…"

அவர் உள்ளங்கையை உயர்த்தினார். "பேர் சொல்லப்படாது. நான், நீன்னும் சொல்லப்படாது. புகார்தாரர் யாருன்னு எனக்கே தெரியாம இருக்கறதுதான் இந்த ஏற்பாட்டோட பலம். புகார்தாரர்னே பேசுவோம், என்ன?"

"புகார்தாரர் எழுதுனதுக்கு வேற ஒருத்திய வெளிய அனுப்பிட்டாவ ஐயா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. வாபஸ் லெட்டர மிரட்டித்தான் வாங்குனாவ."

அவர் எழுந்துபோய் ஒரு கோப்பை எடுத்து வந்தார். இரண்டு கடிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியை அவள் பக்கம் நீட்டினார். "எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துது. மிரட்டி வாங்கியிருப்பாளோன்னு. அதனாலதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பாருங்கோ, இந்த 'ழ', இந்த 'ணை'. ரெண்டும் ஒரே கை. நாப்பது வருஷம் கையெழுத்துப் பார்த்த கண்ணு இது. ரெண்டுலேயும் கீழே இந்தக் கட்டம் வேற. நான் நகல் எடுக்கறச்சே ஒரு எழுத்துக்கூட மாத்தல்லே, கட்டத்தைக்கூட ஸ்கேல் வச்சுண்டு போட்டேன்." அந்தக் கட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார். "நல்ல கையெழுத்து. யார் சொல்லிக் குடுத்தாளோ."

"எழுதுனது ஒருத்தி, கையெழுத்துப் போட்டது இன்னொருத்தி ஐயா."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அப்படின்னே வச்சுக்குவோம். வெளியே போன பொண்ணு புகார்தாரர் இல்லேன்னா, எட்டாவது விதி அவளுக்குப் பொருந்தாது. பாதுகாப்பு புகார்தாரருக்குத்தான். நிஜமான புகார்தாரர் இன்னும் வேலையிலேயே இருக்கார்னா, அவருக்கு ஒரு பாதகமும் நடக்கல்லே. அவர் கையாலேயே புகாரை வாபஸும் வாங்கிண்டுட்டார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முறையாத்தான் இருக்கு."

"பூட்ட திரும்பவும் போட்டாச்சு ஐயா."

"புதுசா ஒரு புகார் எழுதச் சொல்லுங்கோ. புது நம்பர் போட்டு எடுத்துக்கறேன்."

செண்பகம் தன் வலது கையைப் பார்த்தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ மார்க் ஷீட்டு ஐயா? கேஸ முடிச்சாச்சுன்னு உங்க லெட்டரு வந்தாத்தான் குடுப்போம்னு சொல்லுதாவ. பதினஞ்சாந் தேதிக்குள்ள வேணும்."

"அது வேலை சம்பந்தப்பட்ட தகராறு. என் வரம்புக்குள்ளே வராது." அவர் நிஜமாக வருத்தப்பட்டார். "ஆனா நான் முடிச்சு வச்சுட்டேன்னு கடிதம் போனா குடுத்துடறேன்னு சொல்லியிருக்கான்னா, கவலையே வேண்டாம். இன்னிக்குக் காலம்பறத்தான் தபால்லே சேர்த்தேன்." நகலை எடுத்துக் காட்டினார். செண்பகம் ஆவலாக வாங்கிப் படித்தாள். இரண்டாவது பத்தியில் இப்படி இருந்தது: 'புகார்க் கடிதமும் அதைத் திரும்பப் பெறும் கடிதமும் ஒருவரே தம் கைப்பட எழுதியவை என்பதை ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆகவே, புகாரைத் திரும்பப் பெற்றவர் அதை எழுதியவரே என்பதில் எனக்கு ஐயமில்லை.'

வாபஸ் கடிதத்தை யார் எழுதியது என்று ராம்குமாருக்குத் தெரியும். அவர் எதிரில்தான் அவள் எழுதினாள்.

"இத அனுப்பாதீங்க ஐயா."

"அனுப்பியாச்சும்மா. மோர் சாப்பிட்டுட்டுப் போங்கோ, வெயிலா இருக்கு."

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். கண்ணாடி அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் புடவை மடிப்பு கையிலிருந்து நழுவியது. ராம்குமார் கூப்பிடவில்லை. தினமும் காலையில் மாடிகளைச் சுற்றி வரும்போது அவள் கவுன்டருக்கு எதிரில் ஒரு விநாடி நிற்பார், சிரிப்பார், போய்விடுவார். ஐந்தாம் தேதி நின்றார். எட்டாம் தேதி நின்றார். பத்தாம் தேதி அவளே அறை வாசலுக்குப் போய், "சார், அன்புக்கரசி மார்க் ஷீட்டு" என்றாள். "பார்க்கலாம்மா" என்றார். ஹாஸ்டலுக்குப் போய்ப் போனை எடுத்தால் அன்புக்கரசியிடமிருந்து தினம் ஒரு செய்தி இருக்கும். முதலில் 'கிடைச்சுதா' என்று வந்தது. பிறகு வெறும் தேதி மட்டும் வந்தது. 12. 13. 14. பதினைந்தாம் தேதி ஒன்றும் வரவில்லை.

பதினாறாம் தேதி காலையில், ஆடித் தள்ளுபடிக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, ராம்குமார் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். இந்தத் தடவை முழங்கால் மறுக்கவில்லை.

நீதிபதியின் கடிதத்தை எடுத்து, இரண்டாம் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "எவ்வளவு சுத்தமா எழுதறார் பாரு. இது வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு. அன்னிக்கு இந்த மேஜையில உக்காந்து எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்." அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நாக்கு இன்றைக்கு நன்றாகப் புரண்டது. "ரெண்டையும் நான்தான் எழுதினேன். என்னை அனுப்பிடுங்க. அவ மார்க் ஷீட்டக் குடுத்துடுங்க."

"சேச்சே. உன்னை எப்படி அனுப்ப முடியும்? எட்டாவது விதி இருக்கே. புகார்தாரருக்கு ஒரு பாதகமும் வரக்கூடாது. நீ இங்கேயேதான் இருக்கணும்." பீரோவைத் திறந்து அன்புக்கரசியின் மதிப்பெண் பட்டியலை எடுத்து ஒரு பழுப்பு நிற உறைக்குள் போட்டார். "நான் குடுக்கலைன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது. இன்னிக்கே தபால்ல போடறேன். நேத்தே போட்டிருக்கணும், வேலை மும்முரத்துல மறந்துட்டேன். முகவரியை மட்டும் நீ எழுதிடு, உனக்குத்தான் அழகா வரும்."

அவள் எழுதினாள். பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண்.

"இன்னொண்ணு." அவர் ஒரு பதிவேட்டைத் திறந்தார். அவசரகால வழிப் பொறுப்பாளர், நான்காம் மாடி என்று தலைப்பு. அதன் கீழே காலியிடம். பதிவேட்டின் மேல் ஒரு பித்தளைச் சாவியை வைத்தார். "ஆபத்து வந்தா கதவைத் திறக்க யார் இருக்கான்னு உன் லெட்டர்ல கேட்டிருந்தே. நியாயமான கேள்வி. அதுக்குப் பொறுப்பான ஆள் வேணும்ல? காலையில துடைக்கறதுக்கு ஒரு தடவை திற. பத்து நிமிஷத்துல பூட்டிடு. பூட்டலைன்னா, ஸ்டாக் குறைஞ்சா நீ. பூட்டி ஏதாவது ஆச்சுன்னாலும் நீ. கையெழுத்துப் போடு."

கையெழுத்துப் போட்டாள்.

விக்கி அவளைப் படிக்கட்டுக் கதவு வரை கூட்டிப்போனான். குரோட்டன்ஸ் தொட்டிகளை யாரோ சாமான் அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தள்ளுபடிச் சரக்கு மூட்டைகள் இரண்டு வரிசையாக வந்து நின்றன. "இன்னா பாக்குற, பொறுப்பாளரே? போடு பூட்டை" என்றான்.

கீழே வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்ட இரைச்சல் நான்காம் மாடி வரை கேட்டது. செண்பகம் பூட்டைக் கொண்டியில் மாட்டினாள். அழுத்தப் போகும்போது ஜைதூன் பீ ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"நீயாம்மா பூட்டுறே?" என்று ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் இரு, என் பக்கெட்டு உள்ளே கீது."

செண்பகம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கெட் வெளியே வந்தது, துடைப்பக்கட்டையும் வந்தது. உள்ளே வேறு ஏதும் இல்லையே என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.